வெள்ளை நிறத்தில் ஒரு டொல்பின்

வெள்ளவத்தையில் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்த மூன்று அறை வீட்டை விட்டு, 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நானும் மனைவியும் ஹெந்தளைக்கு வந்து சேர்ந்தோம். 'இடம்பெயர்ந்தோம்' என்றுதான் முதலில் எழுதினேன். எங்கள் மக்களிடையே அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனத்தை எண்ணி அடித்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டனர். அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் ஏடுகள் பக்கங்களைக் குறைத்த அந்த ஆண்டில், நான் பணியாற்றிய ஆசிரியபீடமும் ஆட்களைக் குறைத்தது. ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தும் விலகிக்கொண்டேன். ஏடும் சிறுத்தது, வீடும் சிறுத்தது. ஓர் அறையும் ஒரு சிறு கூடமும் எங்கள் இருவருக்கும் போதும் என்று முடிவு செய்தோம்.

மிஞ்சிய பணத்தில் ஒரு பழைய டீசல் வான் வாங்கி, அதற்குள் படுக்க ஒரு கட்டிலும் தேநீர் வைக்க ஓர் அடுப்பும் வைத்துக்கொண்டு நாட்டைச் சுற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முப்பது ஆண்டுகளாக வடக்கும் கிழக்கும் தலைப்புகளாகவே என் மேசையைக் கடந்து போயிருந்தன. நான் நின்று பார்த்த ஊர்கள் சொற்பம்.

2023 மார்ச் மாதம் வான் வாசலுக்கு வந்தது. டொயோட்டா ஹயஸ், இலங்கையில் எல்லோரும் 'டொல்பின்' என்று அழைக்கும் வகை, நிறம் வெள்ளை. மனைவி படியில் நின்றபடி நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"என்னப்பா, வேற நிறம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றார்.

கொழும்பில் அந்த ஆண்டுகளில் வாழ்ந்த தமிழர் எவருக்கும் இக்கேள்வியின் பொருளை விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் தமிழக வாசகர்களுக்கும் அதை விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வானின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

சக்கரத்தின் மேல் வீடு கட்டுவது நமக்குப் புதிதன்று. வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கூடார வண்டில் கட்டிப் போய், வண்டிலின் கீழ் உறங்கி, மர நிழலில் சமைத்து உண்டு திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். ஹெந்தளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹமில்டன் கால்வாய் ஓடுகிறது. ஆங்கிலேயர் 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்த கால்வாய் அது; கவின் ஹமில்டன் என்ற அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் ஒருகாலத்தில் ஓலைக்கூரை வேய்ந்த தட்டைப் படகுகள் தேங்காயும் கொப்பராவும் ஏற்றிச் சென்றன. படகோட்டிகள் அந்தக் கூரையின் கீழேயே சமைத்து உறங்கினர். ஐரோப்பியர் 'கேம்பர் வான்' என்று ஒன்றைக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொள்வது 1951 இல்தான். அதற்கு முந்திய ஆண்டு உற்பத்திக்கு வந்த வொக்ஸ்வாகன் வானுக்குள் வெஸ்ட்பாலியா என்ற ஜேர்மன் நிறுவனம் கட்டிலும் அலுமாரியும் பொருத்தி விற்றது. பின்னர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அத்தகைய வான்களில் வெள்ளைக்கார இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வரை தரைவழியே வந்தனர். 1979 இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டன.

அந்தப் பாதை மூடப்படுவதற்குச் சற்று முன்னர் நம் நாட்டில் வேறொரு கதவு திறந்தது. 1977 இல் வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதற்கு முன்னர் வீதியில் ஓடியவை பெரும்பாலும் பழைய ஒஸ்டின்களும் மொறிஸ்களும்தான். இறக்குமதி திறந்ததும் ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஜப்பானும் நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடு, சுக்கான் வலப்பக்கம். எதையும் மாற்றாமல் துறைமுகத்திலிருந்து நேரே வீதிக்கு ஓட்டிவரலாம். டீசலின் விலை பெற்றோலைவிடக் குறைவாக இருந்தது. பஸ்ஸும் லொறியும் ஓடவேண்டும் என்பதற்காக அரசாங்கங்கள் அதைக் குறைத்தே வைத்திருந்தன. இடப்பக்க வீதியும் மலிவான டீசலும் சேர்ந்தே இந்த நாட்டை டீசல் வான்களின் நாடாக்கின என்பது என் கணிப்பு.

ஹயஸ் 1967 இல் ஜப்பானில் பிறந்தது. 1982 இல் வந்த மூன்றாம் தலைமுறையை நம்மவர்கள் 'ஷெல்' என்றனர். 1989 இல் வந்த நான்காம் தலைமுறையின் முகம் வழவழவென்று சரிந்திருந்தபடியால் அதற்கு 'டொல்பின்' என்று பெயர் வைத்தனர். 2004 இல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு அப்படி ஒரு செல்லப்பெயர் வாய்க்கவில்லை. அதன் மாதிரி எழுத்துகளைக் கொண்டு 'கேடிஎச்' என்றே அழைக்கின்றனர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியது டொல்பின். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அழுதழுது உறவினரை வழியனுப்பச் சென்றது டொல்பின். மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் மரண வீட்டுக்கும் போனது டொல்பின். ஜப்பானில் அது கடைக்காரரும் தச்சரும் வாங்கும் வேலை வண்டி. அவர்கள் வாங்கியவற்றில் பெரும்பாலானவை வெள்ளை. அந்த வெள்ளையே இங்கும் வந்து நிறைந்தது.

என் வானுக்கு வயது முப்பது. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். நான் வாங்கிய வேளையில், முப்பது வயது வானுக்கு அது புதிதாய் வந்தபோது கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் எனக்கு முன் ஏழு பெயர்கள். அந்த ஏழு பெயர்களையும் வாகன இலக்கத்தையும் நான் வாசித்த விதம் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஹெந்தளைச் சந்திக்கு உள்ளே ஒரு ஒழுங்கையில் இருக்கிறது நான் வான் கொண்டுபோகும் கராஜ். அதை நடத்துபவர் சிங்களவர்; அறுபதை நெருங்குபவர்; இளமையில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே தொழில் பழகியவர். நான் அவரைப் 'பாஸ்' என்பேன், அவர் என்னை 'மாத்தயா' என்பார். எங்கள் உரையாடல் முழுவதும் சிங்களத்தில்தான். முதல் நாளே மீற்றரை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாத்தயா, இந்த மீற்றர் எத்தனை முறை பின்னுக்குப் போயிருக்கிறதோ தெரியாது. டைமிங் பெல்ட்டை முதலில் மாற்றுவோம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். இந்த வானில் இருப்பது டொயோட்டாவின் 3எல் எஞ்சின். 2,779 கன சென்ரிமீற்றர். கணினி எதுவும் இல்லாதது. அதன் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நினைவூட்ட முகப்பில் ஒரு விளக்கும் உண்டு. ஆனால் மீற்றரைக் குறைத்து விற்கும் நாட்டில் அந்த விளக்கை நம்ப முடியாது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் நொறுங்கிவிடும். பெல்ட்டோடு தண்ணீர்ப் பம்பையும் மாற்றினோம். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் ஒயில் பில்டரும், அதற்கு மேல் டீசல் பில்டர், எயார் பில்டர் என்று ஒரு கொப்பியில் நானே கணக்கு வைத்திருக்கிறேன். நாளேட்டில் பக்கம் முடிக்கும் நேரத்தைக் கணக்கு வைத்த பழக்கம். ஹெந்தளைக் கடற்காற்றுக்குக் கதவின் அடியும் கூரையின் ஓரமும் கறள் பிடிக்கின்றன. எஞ்சினுக்குச் செலவிட்டதைவிட டிங்கர் வேலைக்குச் செலவிட்டதே அதிகம்.

டீசல் எஞ்சினின் இயல்பைப் பாஸ் எனக்கு விளக்கிய விதம் நன்றாக இருந்தது. பெற்றோல் எஞ்சினில் ஒரு பொறி வேண்டும். டீசலுக்குப் பொறி வேண்டாம். காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்கினால் போதும், எண்ணெயைத் தெளித்ததும் தானே பற்றிக்கொள்ளும். காலையில் முதன்முறை திருகும்போது மட்டும் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். ருடோல்ப் டீசல் என்ற ஜேர்மானியர் இதற்கான காப்புரிமையை 1893 இல் பெற்றார்; ஒழுங்காக ஓடும் எஞ்சினை 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் அவரது வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. 1913 செப்டெம்பர் 29 இரவு இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறியவர் காலையில் அதில் இல்லை. டீசலைக் கண்டுபிடித்தவரே காணாமற் போனவர் என்பதை நான் கராஜில் சொன்னபோது பாஸ் தலையாட்டினாரே தவிர எதுவும் பேசவில்லை. அதற்கான காரணம் எனக்குப் பல மாதங்கள் கழித்தே தெரிந்தது.

நிலக்கடலை எண்ணெய்க் கதை எனக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடைசெய்யப்பட்டது. கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து ஊருக்குப் போன காலத்தில், ஒஸ்டின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடுவதைக் கண்டேன். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். டீசல் மினி பஸ்களுக்கு மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெய் கலந்தனர். வெறும் மண்ணெண்ணெயில் வழுவழுப்புப் போதாது, பம்ப் தேய்ந்துவிடும். பாரிஸில் காட்சிப்பொருளாக இருந்ததை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் பசியோடு கண்டுபிடித்தனர். வீதியெங்கும் வடை சுட்ட மணம் வந்தது. அதை நாங்கள் பகிடியாகப் பேசிக்கொண்டோம். இப்போது நினைத்தால் அத்தனை பகிடியாகத் தெரியவில்லை.

தெற்கிலும் போர் எரிபொருளைத் தேடியே வந்தது. 1995 ஒக்டோபர் 20 அன்று கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்த் தாங்கிகளை விடுதலைப் புலிகள் தாக்கியபோது கொழும்பின் வானம் கரும்புகையால் மூடுண்டது. 2007 ஏப்ரல் 29 அதிகாலை, உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை நகரமே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், புலிகளின் சிறு விமானங்கள் கொலன்னாவையையும் இந்த ஹெந்தளைக்கு அருகேயுள்ள முத்துராஜவெலப் பகுதியையும் குறிவைத்தன. மின்சாரம் துண்டிக்கப்பட, அலுவலகத்தில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் செய்தி எழுதினோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, போர் எதுவும் இல்லாமலே, டீசல் மறுபடி மறைந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் 26 அன்று 460 ரூபாவாயிற்று. கியூஆர் அட்டை வந்தபோது ஒரு வானுக்கு வாரம் 20 லீற்றர். நாள்கணக்கில் வரிசையில் நின்ற வான்களுக்குள் சாரதிகள் உண்டு உறங்கினர். கேம்பர் வான் வாழ்க்கையை இந்த நாடு அப்படித்தான் பெருமளவில் பழகியது.

இனி நிறத்துக்கு வருகிறேன்.

2006 முதல் 2009 வரையிலும் அதற்குப் பின்னரும் கொழும்பிலும் புறநகர்களிலும் ஆட்கள் கடத்தப்பட்டனர். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளை ஆகிய பெயர்கள் எங்கள் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தன. கடத்தப்பட்டோரில் பெரும்பாலானோர் தமிழர். சாட்சிகள் கண்டது பெரும்பாலும் ஒரு வெள்ளை வானை. மனோ கணேசன் முதலானோர் 2006 இல் மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்து முறைப்பாடுகளைத் திரட்டினர். அதில் இணைந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அவ்வாண்டு நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஊடகத்துறையில் சிங்களவர், தமிழர் என்ற பேதம் இருக்கவில்லை. 2008 மே 22 இரவு கீத் நொயார் கடத்தப்பட்டு அடித்துத் துவைக்கப்பட்டபின் விடப்பட்டார். 2009 ஜூன் 1 அன்று, போர் முடிந்து இரு வாரங்களில், உழைக்கும் பத்திரிகையாளர் சங்கச் செயலாளர் போத்தல ஜயந்த வெள்ளை வானில் கடத்தப்பட்டு, கால் முறிக்கப்பட்டு வீதியோரம் வீசப்பட்டார். 2015 செப்டெம்பரில் வெளியான ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கையிலும் வெள்ளை வான் இடம்பெற்றது.

ஏன் வெள்ளை வான்? நகரத்தில் எங்கு திரும்பினாலும் இருந்த வாகனம் அதுதான் என்பதே என் விடை. ஒளிவதற்கு ஆயிரக்கணக்கான டொல்பின்களின் நடுவே ஒரு டொல்பினைவிட நல்ல இடம் கிடையாது. பாடசாலை வான் எது, பிள்ளையை அள்ளிப்போகும் வான் எது என்று தாய்மாரால் பிரித்தறிய முடியவில்லை.

எங்கள் மேசையில் இதற்கென்று ஒரு வாக்கியம் உருவாகியிருந்தது: 'வெள்ளை வானில் வந்த இனந்தெரியாதோரால் கடத்தப்பட்டுள்ளார்.' பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றினால் போதும். அந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. 2007 இல் ஒரு மாலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். மகனைக் கொண்டுபோன வானின் இலக்கத்தில் முன் இரண்டும் கடைசி ஒன்றும் அவருக்கு நினைவிருந்தன. "தம்பி, இதையும் போடுங்கோ" என்றார். குறித்துக்கொண்டேன். செய்தியில் போடவில்லை. போட்டால் எங்கள் வாசலுக்கும் ஒரு வான் வரும் என்ற அச்சம். ஆசிரியரிடம் கேட்கவுமில்லை, நானே வெட்டினேன். மறுநாள் ஏட்டில் வழக்கமான வாக்கியம் வந்தது. அந்தத் தாய் மறுபடி வரவில்லை.

வெள்ளவத்தை வீட்டைக் காலிசெய்தபோது பழைய குறிப்பேடுகளில் பெரும்பகுதியைப் பழைய பேப்பர்க்காரரிடம் நிறுத்துக் கொடுத்தோம். அந்த ஒரு குறிப்பேடு கையில் தட்டுப்பட்டது. மூன்று இலக்கங்களும் அதில் இருந்தன. கொட்டாஞ்சேனையில் அவர் சொன்ன ஒழுங்கைக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வான் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது எஞ்சினை அன்று, இலக்கத் தகட்டை. அந்த மூன்று இலக்கங்கள் அதில் இல்லை என்று உறுதிசெய்த பிறகே விலை பேசினேன். பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயல்தான். பதிவுப் புத்தகத்தின் ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பெயர்கள் எதையும் சொல்வதில்லை.

வானுக்கு நீலம் அடிக்கலாமா என்று பாஸிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சாவியைத் துடைத்து வைத்துவிட்டு, 1989 இல் தன் அண்ணனைக் கொண்டுபோனதைச் சொன்னார். தென்னிலங்கையில் ஜேவிபி கிளர்ச்சி அடக்கப்பட்ட காலம். "எங்கள் காலத்தில் பஜேரோ, மாத்தயா. இலக்கத் தகடு கிடையாது." அவரது தாய் இறக்கும்வரை அண்ணனின் சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்தாராம். அதன்பிறகு வழக்கமான குரலில், நிறம் மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும், வெயிலுக்கு வெள்ளைதான் உள்ளே சூடு குறைவு என்றார். வான் வெள்ளையாகவே இருக்கிறது.

பின் இருக்கைகளின் இடத்தில் ரப்பர் மரப்பலகையில் ஒரு மடிப்புக் கட்டில், ஒற்றைக் காஸ் அடுப்பு, 20 லீற்றர் தண்ணீர்க் கலன், யன்னல்களுக்கு நுளம்பு வலை. இவ்வளவுதான் எங்கள் கேம்பர். 2023 ஓகஸ்டில் முதன்முறையாக ஏ9 வீதியால் வடக்கே போனோம். 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது அந்த வீதியைப் பற்றி மட்டும் நூறு செய்திகள் எழுதியிருப்பேன். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கோயிலுக்கு எதிரே நிறுத்த மனம் வரவில்லை. வெகு தூரம் தள்ளி, ஒரு வேப்பமரத்தின் கீழ் வானை விட்டுவிட்டு நடந்து போனோம்.

திரும்பி வந்தபோது அயல் வீட்டு மூதாட்டி ஒருவர் வானின் திறந்த யன்னலூடாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ மன்னிப்புக் கேட்பவன்போல அருகே போனேன்.

"இதுக்குள்ளயே சமைக்கலாமோ, தம்பி?" என்றார்.

மனைவி கதவைத் திறந்து அவரை உள்ளே அமர்த்தி, அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தார். கட்டிலின் பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம் என்றார் அவர். யாரைத் தேடுகிறார், தேடுகிறாரா என்பதைக்கூட நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

ஆனையிறவைக் கடக்கும்போது முகப்பில் டீசல் பில்டரின் விளக்கு எரிந்தது. டீசலில் கலந்த தண்ணீர் பில்டரின் அடியில் சேர்ந்துவிட்டது என்று பொருள். உப்பளத்தின் ஓரம் நிறுத்தி, பாஸ் காட்டித் தந்தபடி அடித்திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள குமிழைக் கையால் அமுக்கி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றினேன். அரைக் கோப்பை வந்தது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி குமிழை அமுக்கினேன். ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருக, இரண்டாம் முறையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொப்பியில் திகதியையும் கிலோமீற்றரையும் குறித்துவைத்தேன். அந்தப் பழைய குறிப்பேடும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.